முதுகு

படத்தில் அந்தக் கோடரியின் முதுகு வெறுமையாக இருந்தது.
அலஸ்தோட்டத்து ஹோட்டல் முதலாளி
ஃபோனை இரண்டு விரலால் விரித்துக் காட்டினார்.
மவோரி ஆயுதமாம். நியூசிலாந்து.
பார் சுவருக்கு ஆறு இது, ஆறு அது.
அது, நாக்கு நீட்டிய நெடுங்கோல்.
இது, நுனியில் கோடரி வாய் வைத்த தடி.
பெயர் தெஃபதெஃபா.
பாலையூற்றுப் பட்டறையில் மத்தியானத்துக்குள்
அது தபதபா ஆகிவிட்டது.

தேக்கு வேண்டாம் என்றார், விலை.
வேப்பம்பலகை எடுத்தோம்.
தவேந்திரன் பத்திரகாளி கோயிலுக்குப் பின்தெருவில் வளர்ந்தவன்,
நாக்குக்கு மட்டும் அவன் படம் பார்க்கவில்லை.
கண்ணுக்கு ஒரு நீலப்பச்சைச் சிப்பி பதிப்பார்களாம்.
இந்தக் கடலில் அது இல்லை.
என் கலியாண வீடியோ சிடியைக் கத்தரித்தேன்,
வட்டம் வட்டமாக இருபத்துநாலு கண்.
அந்தத் தட்டு ஓடாமல் நின்று ஏழு வருடம்,
அவர் போய் ஒன்பது.
இறகு, பக்கத்து வீட்டுச் சேவல்.
வாங்கினோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதுகில்தான் கை அரித்தது.
அவ்வளவு நீளத்துக்கு ஒன்றுமே இல்லாமல்
எப்படி விடுவது?
அலை அலையாகக் கொத்தினேன்,
ஆறு தடிக்கும், நாலு நாள்.

கொண்டுபோகையில் ஆஸ்பத்திரிச் சந்தியில் பொலிஸ் மறித்தது.
என்ன இது?
அலங்காரம், சேர்.
ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். பாரமில்லை.
சிரித்துவிட்டுத் தந்தார்.
ஓட்டோவுக்குள் என் முழங்கால் நடுங்கியதை
தவேந்திரன் றோட்டுக் குழி என்று நினைத்தான்.
பதினாறு வயதில் நான் சுமந்த மரத்துவக்கைப் பற்றி
அவனுக்குச் சொன்னதில்லை.
முகம் இல்லை அதற்கு, இறகு இல்லை, கண்ணும் இல்லை.
பாரம் மட்டும் அச்சொட்டு.
உள்ளே ஈயம் வார்த்திருந்தார்கள்.

மழைக்கு முந்தின கிழமை
ஒரு கொக்கி கழன்றதென்று கூப்பிட்டார்கள்.
கழன்ற தடி ஒரு பெண்ணின் கையில் இருந்தது.
எங்கள் நிறம். நாடியில் பச்சை குத்திய கோலம்.
மெரெயானா என்றாள். நானும் பெயர் சொன்னேன்.
அவள் தட்டையான பின்பக்கத்தைப் பார்த்தாள்,
பென்சிலில் நான் எழுதிய "மேல்" என்ற சொல்லைக் கேட்டாள்,
கூரையைக் காட்டினேன்.
பிறகு கட்டைவிரலால் முதுகு நெடுக,
என் அலைகளின் மேல், மெதுவாக வந்து
இங்கே, என்றாள். அடி இங்கே.
வாய் வெட்டாது. வாய் பாரத்துக்கு.
இறகு ஆடும், எதிரி அதைப் பார்ப்பான்.

காட்டட்டுமா என்று கேட்கவில்லை.
செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பினாள்.
தடி தென்னந்தூணுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.
பாரில் ஐஸ் கட்டி இறங்குகிற சத்தம்.

அப்போதுதான் பார்த்தேன்:
என் இடது கால் பின்னால் போயிருந்தது,
இரண்டு கையும் நெஞ்சுக்குக் குறுக்கே
இல்லாத ஒன்றைப் பிடித்தபடி.
அவளும் பார்த்தாள்.
பிடிப்பக்கம் என்னை நோக்க
தடியை நீட்டினாள்.
கொக்கியைப் பூட்டிவிட்டு வந்தேன்.

நிலாவெளிக் கிளைக்கு இன்னும் ஆறு வேண்டுமாம்.
இந்த முறை பாலை மரம், என் காசில்.
முதுகில் உளி வைக்கவில்லை,
அரத்தாள் மட்டும், கை வழுக்கும்வரை.
இங்கே ஒன்றும் இல்லையே, என்கிறார் முதலாளி.
விலை அதேதான் என்றேன்.