ஓரத்தில் ஒரு சுருக்கொப்பம்

முதல் திருத்தம் மிகச் சின்னது.
"சர்வே எண்ணுல ஒரு கோடு விட்டுப்போச்சு, மேடம்."
கோட்டைப் போட்டு
ஓரத்தில் 'இ.ம.' என்றேன்.

எதிராஜுலு, காட்பாடியில் டைல்ஸ் கடை.
சிரிப்புக்குக் குறைச்சல் இல்லாத மனிதர்.
அடுத்த வாரம் மருமகன் பெயரைச் சேர்த்தார்.
அதற்கடுத்த வாரம்
மோட்டாரும் மாடித் தொட்டியும் வீட்டோடு சேர்த்தி என்றார்.
இ.ம., இ.ம.

பிறகு டேப்போடு ஒரு பையனை அனுப்பினார்.
நடுவில் தொய்ந்து கிடந்தது டேப்.
கிழக்குச் சுவர் ஆறங்குலம் குறைகிறதாம்,
நாற்பதாயிரம் குறையுங்கள்.
சத்துவாச்சாரி ஹவுசிங் போர்டு வீடு;
இருபத்திரண்டு வருடம் தவணை கட்டியபோது
எந்த அங்குலமும் குறைந்ததில்லை.
ஆனாலும் போட்டேன்,
இ.ம.

இந்த ஊரை வெயிலூர் என்று முதலில் சொன்னவன்
மே மாதம் பத்திரப்பதிவு அலுவலக வாசலில்
டோக்கனோடு நின்றவனாக இருக்க வேண்டும்.
மூன்று முறை நின்றேன்.
மூன்று முறையும் அவர்
"வந்துட்டே இருக்கேன், மேடம்."

ராணிப்பேட்டையில் நான் முன்பணம் கொடுத்த வீட்டுக்காரம்மா
எதையும் மாற்றச் சொல்லவில்லை.
"தேதி ஞாபகம் இருக்கில்ல?" என்று மட்டும் கேட்டார்.

தொண்ணூறு நாளை நூற்றெண்பது ஆக்கலாமா என்று
எதிராஜுலு அழைத்தபோது
இரவுப் பணியில் இருந்தேன்.
மருந்தகக் கவுண்டரில் வரிசை.
ஆம்பூரிலிருந்து வந்தவர் ஒருவர் நீட்டிய சீட்டில்
ஒன்று என்பதை அடித்து இரண்டு என்றிருந்தது,
அருகில் டாக்டர் கையெழுத்து இல்லை.
"இது செல்லாதுங்க.
அவர் கையெழுத்து வாங்கிட்டு வாங்க."
யோசிக்காமல் சொன்னேன்.
பதினெட்டு வருடமாகச் சொல்வது.

சொன்ன வாய் அப்படியே நின்றது.
காதில் இன்னும் எதிராஜுலு:
"ஹலோ? மேடம்? போட்டுடலாமா?"

விடிந்து வீட்டுக்கு வந்து
செருப்போடு உட்கார்ந்து
பத்திரத்தை முதலிலிருந்து படித்தேன்.
ஓரமெல்லாம் என் எழுத்துகள்,
சர்க்கரையைக் கண்ட எறும்பு மாதிரி.
ஏழாவது ஷரத்து:
இருவரும் ஒப்பமிட்டால் ஒழிய எதுவும் மாறாது.

அவர் கேட்டதில் தப்பில்லை.
கேட்பதற்கு ஸ்டாம்ப் பேப்பர் வேண்டியதில்லை.
பேனா மட்டும்
ஒவ்வொரு முறையும் என்னுடையது.

பதிவுத் தபாலில் ஒரு பக்கம் அனுப்பினேன்.
கையெழுத்தான வரைக்கும் சரி.
இனி ஒரு புள்ளியும் நகராது.
தொண்ணூறாம் நாள் காலை பத்தரைக்கு
மீதிப் பணத்தோடு வாருங்கள்.
வராவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது,
முன்பணத்தின் கதி ஒன்பதாவது ஷரத்தில் இருக்கிறது.

எழுதும்போது கை நடுங்கியது.
தபால் பெட்டியில் இருந்த பசை ஒட்டவில்லை,
சோற்றுப் பருக்கையால் ஒட்டினேன்.

நான்காம் நாள் ஒப்புகை அட்டை திரும்பி வந்தது.
நீல மையில், முழுப் பெயராக,
சே. எதிராஜுலு.

இந்த ஒரு தாளில்
அவர் எதையும் மாற்றச் சொல்லவில்லை.

வருவாரா தெரியாது.
இன்னும் பதினோரு நாள்.
மோட்டாரைப் போட்டேன்.
தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்கும்வரை
அணைக்கவில்லை.