இரண்டாம் பாகத்தில் என் மரணம்

முதல் பாகத்திலேயே நான் செத்துவிட்டேன்.
பட்டர்வொர்த் கிடங்கில், கண்ணாடியை உடைத்துக்கொண்டு
அரிசி மூட்டைகளின் மேல், கண் திறந்தபடி.
அது தொண்ணூற்று மூன்று.
அதனால் இரண்டாம் பாகம் என்று போன் வந்ததும்
தப்பான நம்பர் என்று வைத்துவிட்டேன்.

மறுபடி அடித்தது.
"அண்ணே, நீங்க இரட்டைப் பிறவிண்ணே.
செத்தது உங்க தம்பி" என்றாள் இயக்குநர் யசோதரா.
என்னைப் பெற்றவளுக்கே தெரியாத சேதி.

பினாங்கு, சியூ ஜெட்டி, காலை ஆறரை.
பழைய ஆட்கள் எல்லோரும் வந்திருந்தோம்.
கைப்பிடி வைத்த நாற்காலிகள் மூன்றுதான்.
அன்றைக்கு நடந்த அசல் சண்டை
அதற்காகத்தான்.

கூரைக்குக் கூரை தாவிய வஜ்ரவேலு
வேனிலிருந்து தரைக்கு இறங்க
ஒரு முக்காலி கேட்டார்.
வில்லன் ஞானமுத்து
பல்செட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டு
'கடித்துக் குதறிவிடுவேன்' என்ற வசனத்தை
ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.
காற்றுதான் வந்தது.

"மத்தவங்க சிரிக்கறதுக்கு முன்னாடி
நம்மள நாமே சிரிச்சிக்கணும், அதான் படம்"
யசோதரா விளக்கினாள்.
ஜூருவில் முப்பது வருஷம் லாரி ஓட்டியவனுக்கு
அதற்குச் சம்பளமும் உண்டு என்பதுதான் புதுசு.

சண்டை மாஸ்டர் ஆ ஹெங்குக்குத் தெரிந்த தமிழ்
மூன்றே சொல்:
விழு. எழு. இன்னோர்தரம்.
அதற்கு மேல் எங்களிடம் யாரும் எதுவும் பேசியதில்லை.

காட்சி இப்படி:
வஜ்ரவேலு என்னை உதைக்கக் காலைத் தூக்குகிறார்.
அது மேலே வந்து சேரும்வரை
நான் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்,
ஒரு கோப்பி ஓ வாங்க வேண்டும்,
சீனி போதவில்லை என்று திருப்பிக் கொடுக்க வேண்டும்.
ஒத்திகையில் யூனிட்டே உருண்டது.
அவரும் சிரித்தார், முழங்காலைத் தடவிக்கொண்டே.

டேக்கில் மனுஷனுக்கு என்ன தோன்றியதோ,
நிஜமாகவே வீசிவிட்டார்.
கோப்பி பறந்தது.
கால் என் தோளில் ஏறி
அங்கேயே மாட்டிக்கொண்டது.
கட்டிப்பிடித்தபடி இரண்டு பேரும் பலகைமேல் சாய்ந்தோம்.
பலகை இடுக்கில் கடல்,
ஒரு பழைய செருப்பு மிதந்துகொண்டிருந்தது.

"எழு" என்றார் ஆ ஹெங்.
அவரால் முடியவில்லை. என்னாலும்.
"எழு."
யசோதரா கட் சொல்லவில்லை.

மூச்சிரைக்க என் பக்கம் திரும்பி
காகிதத்தில் இல்லாததைக் கேட்டார் வஜ்ரவேலு:
"நீ போன படத்துலயே செத்தவன்தானே?
எதுக்குடா திரும்பி வந்தே?"

"செத்ததுக்குக் காசு வரல சார்.
நூத்தம்பது வெள்ளி."

முதல் பாகத்துக்குத் தயாரிப்பாளரும் அவரேதான்.

அப்புறம் கடலில் உருண்டு நான் செத்தேன்.
நல்ல சாவு. உள்ளே மிதவைச் சட்டை,
வெளியே வந்ததும் சூடாக மீ கோரேங்.

கோலாலம்பூரில் முதல் காட்சி.
அந்த நூற்றைம்பது வெள்ளிக்குத்தான்
தியேட்டர் அதிர்ந்தது.
என் மகள் மடியிலிருந்த சோளப்பொரி முழுக்கத் தரையில்.
"அந்த வசனம் யாருடையது?"
ஒரு நிருபர் கேட்டார்.
கதாசிரியர் அடக்கமாகத் தலைகுனிந்தார்.
வஜ்ரவேலு சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

கார் நிறுத்துமிடத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லை.
மூன்றாம் மாடிப் படியில்
பின்னாலிருந்து என் பேரைக் கூப்பிட்டார்,
படத்துப் பேரை அல்ல.
கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்து
என் பையில் எதையோ திணித்தார்.
ஐம்பது வெள்ளி நோட்டு, மூன்று.
முப்பது வருஷத்துக்கு வட்டி இல்லை.

"மூணாம் பாகத்துக்கு அட்வான்ஸ்" என்றார்
எங்கோ பார்த்தபடி.

"ரெண்டாவதுலயும் செத்துட்டேனே சார்."

ஒரு படி இறங்கினார்.
நின்றார்.
முழங்கால் ஆறட்டும் என்று நின்றாரோ, யோசித்தாரோ.

"வீட்டுல நல்லா விசாரிச்சுப் பாரு லா.
இன்னொருத்தன் இருப்பான்."