வண்டிநக்கி

மூன்றாவது வளைவில் அந்தக் கல்.
ஒடுகத்தூர் தாண்டி மலையேறுகிறவர்கள்
வண்டிநக்கி என்கிறார்கள் அதை.
முதல்முறை என் ஜிப்ஸியை நக்கியபோது
இடப்பக்கக் கதவு அதற்குப் பின் திறக்கவில்லை.
கீழ்த்தகரம், மிதித்த தீப்பெட்டி போல,
உள்ளே போயிருந்தது.
அளவைக் கருவிப் பெட்டியை அணைத்துக்கொண்டு
முனிரத்தினம்
என் பக்கமாகவே ஏறினார், இறங்கினார்,
பதினோரு நாள்.

காட்பாடிக் கடையில் காட்டினார்கள்
முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம் போன்ற குரோமியம்.
தட்டினேன்.
பிஸ்கட் டப்பாவின் குரல்.
"ஏறி இறங்க வசதி மேடம், பார்க்கவும் கெத்து."
கல்மேல் உட்கார்ந்தால்?
"கல்மேல யாரு மேடம் ஏத்துவாங்க"
என்று அடுத்தவரிடம் திரும்பிவிட்டார்.

கொணவட்டம் பட்டறையில் நசுருதீன்
எதையும் காட்டவில்லை.
வண்டிக்கு அடியில் நுழைந்தார்.
இரண்டு பாதங்கள் மட்டும்
வேலூர் வெயிலில் வெளியே கிடந்தன.
அங்கிருந்தே பேசினார்:
பாடியில பிடிக்கக் கூடாது மேடம்.
அது தோல். சேசிஸ்தான் எலும்பு.
அடி நேரா எலும்புக்குப் போகணும்.

சீம்லெஸ் பைப், நான்கு மில்லி கனம்.
மூன்று போதாதா என்றேன், விலைக்காக.
போதும், கல்லு ஒத்துக்கிட்டா.

வெல்டா போல்டா என்பதில்
ஒரு டீ முழுக்க ஆறிப்போனது.
வெல்டு வைத்தால் ஆட்டமே இருக்காது,
ஆனால் என்றைக்காவது எடுக்க நினைத்தால்
அறுக்கத்தான் வேண்டும்.
அறுக்காமல் கழற்ற முடிகிற மாதிரி வேண்டும் எனக்கு,
எதுவாக இருந்தாலும், என்றேன்.
ஏன் என்று கேட்கவில்லை அவர்.
தரையில் சுண்ணக்கட்டியால்
போல்ட் என்று எழுதி வட்டமிட்டார்.

இரண்டு பக்கமும் சேர்த்து முப்பத்தெட்டு கிலோ.
பேசாத ஒருவரை
நிரந்தரமாக ஏற்றிக்கொண்டது போல.
பைப்புக்கும் கதவடிக்கும் நடுவே
இரண்டு விரல் இடைவெளி என்றார்.
நில அளவை என் பிழைப்பு,
விரலைக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.
டேப் வைத்தேன்: முப்பத்தைந்து மில்லி.
மறுபக்கமும் வைத்தேன்: முப்பத்தைந்து.
வெளிவிளிம்பு மேல்நோக்கிப் பன்னிரண்டு டிகிரி,
வெறும் கண்ணால் வைத்தது.
டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டேன்.

பிறகு ஜாக்கியை
அந்தப் பைப்புக்கே கொடுத்தார்.
ஜிப்ஸி ஒரு பக்கமாக எழுந்து நின்றது,
காலைத் தூக்கிய நாய்போல.
இப்போ கதவைத் திறங்க.
திறந்தது. மூடினேன். மறுபடியும் திறந்தது.
பட்டறைப் பையன் சிரித்தான்.

பளபளப்புப் பூச்சு வேண்டாமாம்.
கீறத்தான் போகிறது.
டப்பா கருப்பு போதும், மிச்சத்தை வண்டியிலேயே
வைத்துக்கொள்ளச் சொன்னார்.

திங்கட்கிழமை, மூன்றாவது வளைவு.
முதல் கியர்.
முனிரத்தினம் பெட்டியை இறுக்கிக் கண்ணை மூடினார்.
இடப்பக்கம் உட்கார்ந்தது வண்டி.
நான்கு சக்கரமும் ஒரு நொடி யோசித்தன.
பிறகு அந்தச் சத்தம்:
அம்மிக் கொத்துகிறவரின் உளியை
யாரோ நீளமாக இழுத்தது போல.
பல் கூசியது, காது கூசியது,
வண்டி வழுக்கி
முன்னால் போய்விட்டது.

இறங்கிப் போய்க் கல்லைப் பார்த்தேன்.
ஆம்புலன்ஸின் வெள்ளை. ரேஷன் வேனின் நீலம்.
யாருடையதோ ஒரு மெரூன்.
என் பழைய பச்சை, பாசிபோல.
எல்லாவற்றின் குறுக்கேயும்
ஈரம் மாறாதது போல் ஒரு கருப்புக் கோடு.

தன் பக்கக் கதவைத் திறந்து
தன் பக்கமாகவே இறங்கினார் முனிரத்தினம்.
குனிந்து பைப்பைத் தடவி,
"இன்னா மேடம், சூடா கீது" என்றார்.

கள ஏட்டில்
114/2பி-க்கும் 114/3-க்கும் நடுவே எழுதினேன்:
கீறல், நாற்பத்து மூன்று சென்டிமீட்டர்.
கதவு நலம்.

கருப்பு டப்பாவைத் திறக்கவில்லை.
திரும்பும்போது
கல் வலப்பக்கம் வரும்.
அந்தப் பைப் இன்னும் புதுசு.