துவக்கு

கூட்டுறவுச் சங்க மண்டபத்தில் பதினொரு கதிரை.
நெடுங்கேணியில் காலை ஒன்பதுக்கே
தகரம் கொதிக்கத் தொடங்கிவிட்டது.
சார்ஜன்ட் விமலசேன சிங்களத்தில் சொல்லுவார்,
நான் தமிழில் சொல்லவேண்டும்.
நாட்கூலி, ஒரு சோற்றுப் பார்சல், பஸ் காசு.

முதற்சொல் லேசு.
அவர் துவக்குவ என்றார்.
நான் துவக்கு என்றேன்.
ஒரேயோர் எழுத்தை உதிர்த்ததற்குச் சம்பளம்.

பிறகுதான் சட்டம் வந்தது.

நல்லைநாதனுக்கு வீடு வவுனியா மாவட்டம்,
வயல் முல்லைத்தீவு மாவட்டம்,
நடுவில் உடைந்த மதகு ஒன்று.
அனுமதிப்பத்திரம் வீட்டுக்கா வயலுக்கா?
தாளைப் பார்த்துச் சொன்னார்: வீட்டுக்கு.
பன்றி வாறது வயலுக்கல்லோ ஐயா,
மதகடியில வந்து துவக்கை நான் என்ன செய்யிறது?
சார்ஜன்ட் தாளைப் புரட்டினார்,
திருப்பிப் புரட்டினார்.
கச்சேரியில் கேளுங்கள்.
எந்தக் கச்சேரியில்?
அதையும் மொழிபெயர்த்தேன்.
திருப்பி மொழிபெயர்க்க ஒன்றும் வரவில்லை.

யானைக்குச் சுடலாமா? கூடாது.
பன்றிக்கு? பயிருக்குள் நின்றால்.
வரம்பில் நின்றால்?
வெடிபட்டு ஓடி
காட்டுக் கந்தோர்க் கல்லுக்கு அங்காலை விழுந்து செத்தால்
அது ஆற்ற பன்றி?
பன்றிக்குக் கல்லில இருக்கிற எழுத்து வாசிக்கத் தெரியாது துரை,
என்றார் பெரியசாமி.
அதை மட்டும் நான் விட்டுவிட்டேன்.
சார்ஜன்டுக்கு எப்படியோ விளங்கி
வயிறு குலுங்கச் சிரித்தார்.

பிளேன்ரீயும் மாரி பிஸ்கட்டும் முடிய
மேசையில் ஒருகுழல் துவக்கொன்றைக் கிடத்தினார்.
வெறுந்துவக்கு என்று உலகத்தில் ஒன்று இல்லை.
எதையும் நிறைந்தது என்றே நினையுங்கள்.
குழலை ஆளுக்கு நேரே பிடியாதீர்கள்.
விரல் வெளியில்.
ரவை வேறு பெட்டியில், திறப்பு வேறு ஆளிடம்.
சொல்லச் சொல்ல
என் தமிழ் ஏனோ மெல்லிசாகிப்போனது.
வன்னியில் இதை, புதிசாக,
முதல்முறை சொல்வதுபோலச் சொல்ல
ஒரு குரல் வேண்டும். என்னிடம் இல்லை.

ஆறாவது ஆள் கேதாரகௌரி.
மூன்று ஏக்கர், தனியாள்.
படிவத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன்.
முன் அனுபவம்: இல்லை.

கையில் வாங்கினாள்.
சார்ஜன்ட் வாய் திறக்க முதல்,
அவர் பிந்தி நான் திறக்க முதல்,
பெருவிரல் போய்விட்டது.
குழல் மடிந்து திறந்தது.
அவள் குனிந்து பார்க்கவில்லை.
சின்னவிரலை உள்ளே விட்டுப் பார்த்தாள்,
இருட்டில் பார்த்துப் பழகியவர்கள் பார்க்கிறமாதிரி.

மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றியது.

அதற்குப் பிறகு துவக்கைத் தலைமாறிப் பிடித்து
கூச்சமாய்ச் சிரித்தாள்:
இதை எந்தப் பக்கத்தால ஐயா பிடிக்கிறது?

சார்ஜன்ட் அவளைப் பார்த்தார்.
காலை முதல் அவர் நீட்டியே வைத்திருந்த
மடங்காத வலது முழங்காலை
ஒருதரம் தடவினார்.
பிறகு எழும்பி வந்து
அடி எது, நுனி எது,
தோளில் எங்கே பொருத்துவது என்று
ஒவ்வொன்றாய், மிகவும் ஆறுதலாய்
முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தார்.
நானும் ஒரு சொல் விடாமல் சொன்னேன்.
அவளும் ஓம் ஓம் என்று தலையாட்டினாள்.
எங்கள் மூன்று பேருக்கும்
அந்தக் கால்மணித்தியாலம் விளங்கியது.
மற்றவர்கள் வெற்றிலை போட வெளியே போய்விட்டார்கள்.

மார்கழியில் ஒட்டுசுட்டான் பஸ்ஸில் போகையில் கண்டேன்.
கதிர் முற்றுகிற பக்கம் முழுக்க
மீன்ரின்களைக் கயிற்றில் கோத்துக் கட்டியிருந்தாள்.
காற்றுக்கு அவை ஒன்றோடொன்று இடித்தன.
இறங்கிப் போய், பத்திரம் வந்ததா என்றேன்.
விதானையார் பொலிசைக் காட்டுகிறார்,
பொலிஸ் கச்சேரியைக் காட்டுது,
கச்சேரி வருசம் முடியட்டாம், புதுப் படிவமாம்.
கையில் ஒட்டிய சேற்றைச் சட்டையில் துடைத்தாள்.

பன்றிக்குத்தான், என்றாள்.

நான் எதற்கென்று கேட்கவே இல்லை.