பள்ளம், ஹம்தியா

கோல்ஃபுக்கு முப்பத்து மூன்று வயது, எனக்கு நாற்பத்தொன்று.
இரண்டு பேருக்கும்
வலப்பக்கத்துப் பின்மூலை சரியில்லை.
எனக்கு இடுப்பு.
அதற்கு, கையூன்றி ஒருமுறை அழுத்திவிட்டால் போதும்,
சரி சரி சரி சரி என்று
யாரும் கேட்காத கேள்விக்குத் தலையாட்டும்.

செவ்வாய், வியாழன், சனி
டாக்ஸியில் வேறு யாரையும் ஏற்றுவதில்லை.
ஹம்தியா, டயாலிசிஸ், காலை ஆறரை.
போகும்போது இருக்கிற எடை
திரும்பும்போது இருக்காது.
மூன்று கிலோ தண்ணீரை அங்கேயே விட்டுவிட்டு வருவார்.
ஆஸ்பத்திரித் தராசுக்கு அடுத்தபடி
அது தெரிந்தது அந்தப் பின்மூலைக்குத்தான்.

ஸெனிட்ஸாவின் பள்ளங்கள் எனக்கு மனப்பாடம்.
இரும்பாலை வாசலில் மூன்று,
பாலம் முடிகிற இடத்தில் ஒன்று,
தபால் ஆபீஸ் எதிரே
பனி உருகினால் ஆண்டுக்கொன்று புதிதாக.
"பள்ளம், ஹம்தியா" என்பேன்.
வலக்கை மேலே கைப்பிடியைப் பற்றும்.
ஊசி ஏறும் இடக்கையை வயிற்றோடு அணைத்துக்கொள்வார்.
பிறகு டம்.
பிறகு நாங்கள் இருவரும் பேசாமலிருப்போம்
வண்டி ஆடி முடிக்கும்வரை.

மார்ச்சில் ஒரு ஞாயிறு,
பஸ் டிப்போவில் வேலை செய்யும் நெர்மினின் கொட்டகை.
நான்கு ஷாக்குகள், நானூற்றுப் பத்து மார்க்.
பல் கட்ட வைத்திருந்த பணம்.
பல்லை நாவால் தடவிப் பார்த்துக்கொண்டே எண்ணிக் கொடுத்தேன்.

முப்பது குளிர்காலம் தெரு உப்பைத் தின்ற போல்ட்.
உப்பைத் தின்றது தண்ணீர் குடிக்கவில்லை,
ராத்திரி முழுக்க எண்ணெய் குடித்தது.
காலையிலும் பிடி விடவில்லை.
ஸ்பானருக்கு மேல் இரும்புக் குழாய்,
குழாய்க்கு மேல் நெர்மின்,
நெர்மினுக்கு மேல் அவன் அம்மாவுக்குத் தெரியாத வசவுகள்.
கடைசியில் சுழலவில்லை, முறிந்தது.
அரை நாள் அந்தத் துண்டுக்கே போயிற்று.

முன்சக்கர ஸ்ட்ரட்டின் ஸ்பிரிங்கை
இரண்டு கொக்கிகளால் இறுக்கும்போது மட்டும்
அவன் ஒன்றும் பேசவில்லை.
இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு.
"முகத்தை நேரே நீட்டாதே, மெலிஹா."
அவ்வளவு கோபத்தை
அவ்வளவு சின்ன இடத்தில் நான் பார்த்ததில்லை.
பார்த்திருக்கிறேன்.
அவனை விவாகரத்து செய்துவிட்டேன்.

கழற்றிய ஷாக்கைத் தரையில் நிறுத்தி
உள்ளங்கையால் அழுத்தினேன்.
இறங்கியது, அங்கேயே நின்றுவிட்டது.
விட்ட மூச்சை
எடுக்க மறந்ததுபோல.
புதியதை அழுத்தினேன். கையை எடுத்ததும்
அவசரமில்லாமல்
தானே எழுந்து வந்தது.
நான்கு முறை செய்து பார்த்தேன்,
நெர்மின் பிடுங்கிக்கொள்ளும்வரை.

செவ்வாய் காலை, இருட்டு,
ஆலைப் புகை ஆற்றின்மேல் படுத்திருந்தது.
வாய்ப்பழக்கம்: "பள்ளம், ஹம்தியா."
வலக்கை கைப்பிடிக்கு, இடக்கை வயிற்றுக்கு.
தொப்.
யாரோ மெத்தையில் உட்கார்ந்த ஓசை. அவ்வளவுதான்.
ஹம்தியா இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார்.
பாலம் முடிந்தது, மறுபடி தொப்.
தபால் ஆபீஸும் போய்விட்டது.
கண்ணாடியில் பார்த்தேன்,
யாரோ தன்னிடம் பொய் சொல்லிவிட்ட முகம்.

வியாழன் நான் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்ல என்ன இருக்கிறது?
இரும்பாலை தாண்டியதும் பின்னாலிருந்து குரல்:
"பள்ளமெல்லாம் அடைத்துவிட்டார்களா?"
"நகராட்சியா? கனவு காணாதீர்கள்.
ஷாக் மாற்றினேன்."
கொஞ்ச நேரம் வைப்பர் மட்டும் பேசியது.
"அப்படியானால் பள்ளம் இருக்கிறது."
"இருக்கிறது."
"இருக்கிறதென்றால் சொல்லு.
அங்கே ஊசி போடுகிறவளும்
சொல்லாமல்தான் குத்துகிறாள்."

சக்கர அலைன்மென்ட் இன்னும் பார்க்கவில்லை.
ஸ்டீயரிங்கை விட்டால்
வண்டி ஆற்றுப் பக்கம் இழுக்கிறது.
அடுத்த வாரம், பணம் வந்தால்.
அதுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
ஓட்டுகிறேன், சொல்கிறேன்
பள்ளம், ஹம்தியா.
இதோ, இன்னொன்று.