ஆறு சதவீதம்

நாகர்கோவிலில் கிளம்பி, மேலூரில் நூறாக்கி,
கடலூர் முதுநகரில் ஆறு.
வெளியே மார்கழி.
உள்ளே எங்கள் மூச்சே கண்ணாடியில் படர்கிறது.
ஏசி போட்டால் ஆவி போகும்,
கூடவே நாலு கிலோமீட்டரும் போகும்.
அமலோற்பவம் முந்தானையால் துடைக்கிறாள்.
அவள் துடைத்த அகலம்தான் எனக்குச் சாலை.
சத்தமில்லாத வண்டி;
மஞ்சக்குப்பத்தில் நடுரோட்டு நாய்
காதைக்கூட அசைக்கவில்லை,
சுற்றிக்கொண்டு போனோம்.

ஆல்பேட்டையில் ஒரே ஒரு சார்ஜர்.
அதில் ஒரு கேரளா வண்டி,
நிறைந்து, பச்சை விளக்கோடு.
"தட்டி எழுப்பு."
போனவள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.
சாக்ஸ் கழன்ற சின்னப் பாதம் ஒன்று
கண்ணாடியில் ஒட்டியிருக்கிறதாம்.
"விடியட்டும்."

பாண்டி இன்னும் இருபத்திரண்டு கிலோமீட்டர்.
எல்லாவற்றையும் அணைத்தேன்.
மூச்சு மறுபடி படர்ந்தது.
அவள் துடைக்கவில்லை.