தட்டினன்

டோர்ட்முண்ட் மேன்முறையீட்டு மன்று, இரண்டாம் மாடி.
நிமலரூபன் மறுபடியும் சொல்கிறான்:
"தட்டினன்."

போன வருசம் கீழ்க்கோர்ட்டில்
இதே சொல்லை
'அடித்தேன்' என்று ஜெர்மனுக்கு மாற்றியவள் நான்தான்.
இரண்டரை வருசம் போட்டார்கள்.

கதவைத் தட்டினானா, யூட்டையா?
நீதிபதி கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை,
அன்றைக்கு எனக்கு இரண்டு பத்துக்கு ரயில்.

பிணைச்சல் கழன்ற கதவு
படமாக மேசையில் கிடக்கிறது.
யூட்டின் இடது காதில் இப்போது மெஷின்.
சீட்டுக்காசைப் பற்றி
இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை.

"எதைத் தட்டினீர்?"
ஒருவரும் கேட்கச் சொல்லாததைக்
கேட்டுவிட்டேன்.

வக்கீல் பேனாவை மூடினார்.
அவன் முதல்முறையாக
யூட்டின் பக்கம் திரும்பினான்.
"ரெண்டையும்தான், அக்கா."

மொழிபெயர்த்தேன்,
அக்காவை மட்டும் விட்டுவிட்டு.